குழந்தை ஒரு வரிசை, அம்மா ஒரு வரிசை!

2023 தீபாவளி சமயம். என் மகள் ஐந்து வயதுப் பேரனோடு டில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்தாள். அவளுக்கு ஒன்பதாவது வரிசை, குழந்தைக்கு இருபத்திரண்டாவது வரிசை! கவுண்டரில் கேட்டதற்கு, "சேர்ந்து உட்காரணும்னா தனியா பணம் கட்டணும் மேடம்" என்று பதில். காது அடைத்துக் கொண்டு குழந்தை அழுதால் யார் பார்ப்பது? கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் எழுந்து இடம் மாற்றிக் கொடுத்தார். அவர் நல்லா இருக்கணும்.

இதே அவஸ்தையைப் பல பேர் பட்டிருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் டில்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் உத்தரவு போட்டது. 12 வயது வரை உள்ள குழந்தைக்கு, அதே புக்கிங்கில் வரும் அப்பா, அம்மா அல்லது கார்டியன் ஒருவரின் பக்கத்தில் இடம் தர வேண்டும். அதைப் பதிவு செய்தும் வைக்க வேண்டும். போன தடவை மகள் வந்தபோது இந்த உத்தரவைச் செல்போனில் எடுத்துக் காட்டியதும், இரண்டே நிமிஷத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டு கிடைத்ததாம். பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் விவரம் தெரியாமல் பணம் கட்டிக் கொண்டிருந்தாள்.

விமான விதி என்றால் எங்கோ பெரிய அதிகாரிகள் கூடிப் போடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓரளவு நிஜம்தான். பாதுகாப்பு விஷயங்களுக்கு, 1944-ல் சிகாகோவில் பல நாடுகள் செய்து கொண்ட ஒப்பந்தம் அடிப்படை. நம் நாட்டில் 1934-ம் வருஷச் சட்டம் 90 வருஷம் ஓடி, 2025 ஜனவரி 1 முதல் 'பாரதிய வாயுயான் அதிநியம்' என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. (இந்தப் பேர் என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆச்சு!)

ஆனால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைப்பது போன்ற, நம் கையைக் கடிக்கிற விஷயங்களில் விதியை எழுதி முடிக்கும் முன் ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். 2025 நவம்பரில் அப்படித்தான், புக் செய்த 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் தனிக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று ஒரு யோசனையை இன்டர்நெட்டில் போட்டு, 30-ந் தேதிக்குள் கருத்து சொல்லுங்கள் என்றார்கள். சொன்னது இங்கிலீஷில். நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? விமானக் கம்பெனிகள் கட்டாயம் பார்த்திருக்கும். அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார்.

சொன்னால் கேட்க மாட்டார்கள் என்றும் இல்லை. ஐயப்ப பக்தர்களின் சிரமத்துக்காக, இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2024-25 சீசனில் விதியைத் தளர்த்தினார்களே!

இப்படி வரைவு வரும்போது அதன் சுருக்கத்தையாவது தமிழ்ப் பேப்பரில் விளம்பரமாகப் போட வேண்டும். குழந்தை சீட்டு விதியை ஒவ்வொரு கவுண்டரிலும் தமிழில் எழுதி மாட்ட வேண்டும். இன்னொன்று: பாட்டி தனியாக டிக்கெட் எடுத்துப் பேரனோடு போனால் இந்த விதியில் இடமில்லை. 'அதே புக்கிங்' என்று போட்டவர்கள் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த வரைவு வந்ததும் இதை எழுதி அனுப்பப் போகிறேன். இங்கிலீஷில் மாற்றித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

- ஒரு வாசகி, திருச்சி