கறளை மறைத்தல் திருத்தமாகாது

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, சமயம், மொழி, கல்வி என்பவற்றுள் ஒன்றைப் பற்றியே யான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவை பற்றி எழுத வல்லார் நமது பழைய மாணவருள் பலர் உளர். யானோ பழைய மோட்டார் வண்டிகளின் தகட்டிற் பிடிக்கும் கறளைப் பற்றி எழுதத் துணிந்தேன். பொருள் சிறிதென்று கருதி அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாதிருப்பாராக.

பழைய கார்களுக்கும் யாழ்ப்பாணத்துக்குமுள்ள உறவு நெடியது. 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியில் முதன்முதலாக வைக்கப்பெற்ற மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் படைப்பாகும். 1971 வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பெற்றன. அவற்றுள் நம் நாட்டுக்கு வந்தவை பல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின், உள்ளதைப் பேணுதலன்றி வேறு வழி இருந்ததில்லை. 1990இன் பின்னர்ப் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், காபரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டனவும் இந்த மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களுமே. நோயாளரையும் பிரசவ வேதனையுற்ற தாய்மாரையும் சுமந்து சென்ற வண்டிகள் அவை. அவற்றின் மீது நமக்கொரு கடப்பாடு உண்டு என்பது என் எண்ணம்.

எனினும் இன்று அவ்வண்டிகளுக்கு நாம் செய்யும் திருத்தம் எத்தகையது? என் அனுபவமொன்றைக் கூறுகின்றேன். சில ஆண்டுகளின் முன் யான் ஒரு மைனரை வாங்கினேன். புதுப் பெயின்ற் பூசப்பெற்றுக் கண்ணாடி போல் மின்னியது. “பொடி முழுக்கத் திருத்தினது” என்று விற்றவர் உறுதி கூறினார். மார்கழி மழையில் ஒருநாள் சில்லு மாற்றும் பொருட்டு ஜக்கை உரிய இடத்தில் வைத்து உயர்த்தினேன். வண்டி உயரவில்லை, ஜக்கே தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. உடைந்த இடத்திலிருந்து கைப்பிடியளவு கறட்தூளும், அதன்பின் நனைந்த பத்திரிகைத் தாள்களும் விழுந்தன. கறள் தின்ற ஓட்டையைத் தாள் கொண்டு அடைத்து, மேலே ‘பட்டி’ பூசித் தேய்த்துப் பெயின்ற் அடித்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல் இயலாதென்பர், இங்கே மறைத்தேவிட்டார்கள். அவ்வண்டியில் என் பேரப்பிள்ளைகளை ஏற்றிச் சென்ற நாள்களை எண்ணி அன்றிரவு யான் உறங்கவில்லை.

இவ்வாறு மூடிமறைத்தல் ஏன் பயனற்றது என்பதை மாணவரும் விளங்கிக்கொள்ளல் நன்று. இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்தே கறள் தோன்றும். உப்புக் கலந்த நீர் மின்னை எளிதிற் கடத்துமாதலின் அது கறளை விரைவுபடுத்தும். கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நம் குடாநாட்டில் காற்றிலேயே உப்புண்டு. அலுமினியத்தின் மேற் படியும் ஒட்சைட்டு, மெல்லிய படலமாய் நின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் கறளோ செதிள் செதிளாய் உதிர்ந்து, புதிய இரும்பை நீருக்குக் காட்டிக்கொடுக்கும். அன்றியும், கறள் தான் உண்ட இரும்பினும் பன்மடங்கு கனவளவு கொள்வது. ஆதலால் ஒன்றோடொன்று ஒட்டிய தகடுகளை அது உள்ளிருந்தே நெம்பிப் பிரித்துவிடும். இத்தகைய கறளின் மேற் பூசும் பட்டி, ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு சேர்த்து வைத்திருக்கும். வெளியே ஒரு கொப்புளம் தோன்றும்போது உள்ளே ஒரு சாண் தகடு போயிருக்கும்.

மைனர் போன்ற வண்டிகளில் இது வெறும் அழகுக் குறையன்று. பழைய லொறியில் உள்ளதுபோல அவற்றுக்குத் தனியான சட்டகம் இல்லை. உடற்றகடுகளே வண்டியின் முதுகெலும்பாம். கதவுகளின் கீழே ஓடும் பெட்டிபோன்ற பகுதியைத் தொழிலாளர் ‘சில்’ என்பர். வண்டி நடுவே வளையாது தாங்குவது அது. முன் ஆசனங்களின் கீழுள்ள குறுக்குச் சட்டத்திலேயே முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் பொருந்தியுள்ளன. பின்புற வில்லுகள் தொங்கும் இடங்களும் தகட்டோடு பிணைந்தவையே. நீர் தங்கும் இடங்களும் இவையே. கறள் முதலில் தின்பதும் இவற்றையே. இவ்விடங்களைத் தாளாலும் பட்டியாலும் அடைப்பவர் ஓர் உயிரோடு விளையாடுகின்றார் எனின் மிகையாகாது.

என் வண்டியைத் திருத்தித் தந்தவர் ரிங்கரிங் வேலையிலே தலை நரைத்த ஒருவர். சிறு சுத்தியலால் வண்டியின் அடியெங்கும் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல தகடு கணீரென்றது. கறள் தின்ற தகடு பொத்தென்றது. சீமைச் சுண்ணாம்பால் அவர் அடையாளமிட்டு முடித்தபோது, யான் நினைத்ததைப் போல் மும்மடங்கு இடம் வெள்ளையாயிருந்தது. “அண்ணை, மேலாலை ஒரு தகடு வைச்சு ஒட்டினால் காணாதோ?” என்றேன். அவர் சொன்ன மறுமொழியை யான் மறவேன். “தம்பி, கறளுக்கு மேலை தகடு வைக்கிறது கறளுக்குப் போர்வை போர்க்கிற மாதிரி. அது உள்ளை சுகமாய் இருந்து சாப்பிடும். வெட்டவேணும். வெள்ளை இரும்பு தெரியுமட்டும் வெட்டவேணும்.”

அவர் வேலை செய்த முறை ஒரு நல்ல ஆசிரியரின் பாடம்போல் ஒழுங்குடையதாயிருந்தது. முதலில் பற்றரியைக் கழற்றினார். வண்டியின் பின்னடியிலுள்ள பெற்றோல் தாங்கியையும் இறக்கி அப்பால் வைத்தார். பின்னர் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை ஒட்டினார். சில்லை வெட்டியதும் உடல் தளர்ந்து வளையுமாயின், பின்னர் எக்காலத்தும் கதவு பொருந்தாது என்பது காரணம். இரு பக்கத்தையும் ஒருசேர வெட்டாது, ஒன்றை முடித்தே மற்றையதைத் தொட்டார். நைந்த பகுதிக்கு அப்பாலும் ஓரங்குலம் சேர்த்து வெட்டினார். காட்போட் மட்டையில் அச்சு வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதன் அளவுக்கே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள புதுத் தகட்டை வெட்டி வளைத்தார்; பாரம் தாங்கும் இடங்களுக்கு அதனினும் தடித்த தகட்டை எடுத்தார்.

ஒட்டும்போது அவர் காட்டிய பொறுமையே பெரிது. ஒரே கோடாக ஒட்டிச் சென்றால் வெப்பத்தால் தகடு நெளியும். ஆகவே இங்கொரு பொட்டும் எதிர்ப்புறத்தில் ஒரு பொட்டுமாக வைத்து, ஆறவிட்டு, மீண்டும் இடைவெளிகளை நிரப்பினார். அதன்பின் தேய்த்து, நாகம் கலந்த முதற்பூச்சுப் பூசி, மூட்டுகளை அடைத்து, பெட்டிப் பகுதிகளின் உள்ளே மெழுகு பாய்ச்சினார். நீர் வடியும் சிறு துளைகளை ஈர்க்கினாற் குத்தித் திறந்துவிட்டார். மழைநீர் புகுதலைத் தடுத்தல் அரிது. புகுந்தது வெளியேற வழி வேண்டுமென்றார். மேற்பரப்பில் மாத்திரம் கறள் படிந்த இடங்களை அவர் வெட்டவில்லை. கம்பித் தூரிகையாற் சுரண்டி, பொசுபோரிக்கமிலம் பூசி, முதற்பூச்சு அடித்தார். பட்டியையும் அவர் முற்றாக வெறுத்தவரல்லர். நல்ல தகட்டின் மேல், சிறு பள்ளத்தைச் சமன்செய்ய, மெல்லிதாகப் பூசுதல் குற்றமன்று என்பது அவர் கொள்கை.

இத்துணை வேலைக்குப் பணம் எங்கே என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரிடம் முழுத் திருத்தம் செய்யுமாறு கூறுதல் எளிதன்று. ஆயின் செலவு செய்யும் ஒழுங்கை நாம் மாற்றலாம். இன்று பலர் முதற்பணத்தைப் பெயின்றுக்குக் கொடுத்து, எஞ்சியதைத் தகட்டுக்குக் கொடுக்கின்றனர். தகட்டுக்கு முதலிற் கொடுப்பாராக. பெயின்ற் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கட்டும். செந்நிற முதற்பூச்சோடு வீதியிற் செல்லும் வண்டியைக் கண்டு நகைப்பவர் நகைக்கட்டும். அதன் உரிமையாளர் உள்ளே இருப்போரின் உயிரை மதித்தவர். திருத்த இயலாத அளவுக்கு நைந்த வண்டியையோ, மற்றொரு வண்டிக்கு உறுப்புத் தானம் செய்யவிடுதலே முறை. விற்பவர்க்கும் ஒன்று கூறுவேன்: கறள் இருக்கின்றதெனச் சொல்லி விலையைக் குறைத்து விற்பதில் இழிவொன்றுமில்லை.

இனி, இம்மலரில் இதனை எழுதியதன் காரணத்துக்கு வருகின்றேன். எனக்கு வேலை செய்து தந்தவரிடம் இன்று தொழில் பழகுவார் ஒருவரும் இல்லர். தம் மகனையும் அவர் இத்தொழிலுக்கு விடவில்லை. “கறுத்த கையோடை நிண்டால் ஆர் மதிக்கினம்?” என்றார். அக்கேள்விக்கு விடை கூறவேண்டியவருள் நாமும் உள்ளோம். நமது கல்லூரி மருத்துவரையும் பொறியியலாளரையும் சட்டத்தரணிகளையும் ஈன்றதென மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். நல்ல தச்சரையும் கொல்லரையும் ஒட்டுவேலையாளரையும் ஈன்றதென ஒரு மேடையிலும் யான் கேட்டதில்லை. இங்கிலாந்திலே ஓய்வுநாள்களிற் பழைய காரொன்றைத் தம் கையாலேயே வெட்டி ஒட்டிப் புதுக்குதலை மதிப்புக்குரிய பொழுதுபோக்காகக் கொள்வோர் பலர். அவர்களின் மைனர்களுக்கு வேண்டிய உதிரித் தகடுகள் 1990களில் நம் இலங்கையிலே செய்யப்பெற்று அங்கே அனுப்பப்பட்டன. நம் நாட்டவரின் கைத்திறன் அவர்க்கு விளங்கியது. நமக்கு இன்னும் விளங்கவில்லை.

உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பெற்றமை நற்செயலே. அதனோடு பழைய மாணவர் சங்கத்தார் ஒன்று செய்தல் கூடும். கறள் பிடித்த பழைய வண்டியொன்றைப் பெற்றுக் கல்லூரி வளவில் நிறுத்துக. இத்தொழிலில் முதிர்ந்த ஒருவரை, தக்க வேதனத்தோடு, சனிக்கிழமைதோறும் அழைத்துவருக. மாணவர் கண்காப்பும் கையுறையும் அணிந்து அவர்பாற் கற்கட்டும். அவரை ‘ஆசிரியர்’ என்றே அழைக்கட்டும். வேதியியல் வகுப்பிற் கரும்பலகையிற் கண்ட ஒட்சியேற்றத்தை அங்கே சுத்தியலின் ஒலியிற் காண்பர். நல்லதையும் நைந்ததையும் பிரித்தறியவும், நைந்ததை அஞ்சாது வெட்டவும், பிறர் காணாத உட்புறத்தையும் ஒழுங்காகச் செய்யவும் பழகுவர்.

கட்டடங்கள் எழுப்பியும் மலர்கள் வெளியிட்டும் நாம் யூபிலியைக் கொண்டாடுகின்றோம். அவற்றோடு, ஒரு முதிய தொழிலாளரின் கையறிவு அவரோடு மறையாதவாறு நாலு மாணவர் கற்றுக்கொள்ளவும் வழிசெய்வோமாயின், இவ்விழா முன்னையினும் பொருளுடையதாகும். என் மைனர் இன்றும் ஓடுகின்றது. வேண்டுமாயின் அதனையே அவ்வகுப்புக்கு முதல் வண்டியாகத் தருவேன்; பின்புற இடது மட்காட்டில் இன்னும் சிறிது கறள் உண்டு.

வாழ்க நம் கல்லூரி, வளர்க தொழில்.