மூன்றாவது தேதி: அயல்நாட்டு ஆசிரியரும் பணி அனுமதியின் உச்சவரம்பும்

அயல்நாட்டில் ஆசிரியப் பணி ஏற்றுச் செல்லும் ஒருவரின் ஆவணங்களில் இரண்டு தேதிகள் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும்: அனுமதி தொடங்கும் நாள், அது முடியும் நாள். ஆனால் அவரது வாழ்க்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அச்சில் வராத மூன்றாவது தேதிதான். எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்நாளுக்கு அப்பால் புதுப்பிக்க இயலாது என்று சட்டம் வகுத்துவிட்ட நாள் அது. பணியில் சேரும்போது அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நெருங்கியபின் பேசிப் பயனில்லை.

முனைவர் பட்டத்தை முடித்துக்கொண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகளை நாள்தோறும் புரட்டும் தலைமுறை நம்முடையது. அழைப்புக் கடிதம் வந்தால் ஊதியத்தைப் பார்க்கிறோம், துறையின் பெயரைப் பார்க்கிறோம், நூலகத்தைப் பற்றி விசாரிக்கிறோம். அனுமதியின் உச்சவரம்பைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

வரம்பு விதிக்க எந்த நாட்டிற்கும் உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கற்பித்தல் என்னும் தொழிலுக்கு நாட்காட்டி ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. வரம்பின் முடிவில் நிலைபெறுவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். அவ்வழியை எட்டுவதற்கு முன்பே ஆசிரியர் வெளியேற்றப்படாமலிருக்க ஒரு காப்பும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத வரம்பு ஆசிரியரோடு சேர்த்து மாணவரையும் தண்டிக்கிறது என்பதே என் வாதம்.

நம்மவர் மிகுதியாகச் செல்லும் அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். அங்கே ஆசிரியர்களுக்குப் பெரிதும் பயன்படுபவை ஜே-1, எச்-1பி ஆகிய இரண்டு விசாக்கள். ஜே-1 என்பது பரிமாற்றத் திட்டம். பள்ளி ஆசிரியராகச் செல்பவர் மூன்றாண்டுகள் பணியாற்றலாம். நீட்டிப்பு கிடைத்தால் மேலும் ஓராண்டோ இரண்டாண்டோ. அதன்பின் அதே பிரிவில் மீண்டும் வர வேண்டுமாயின் இரண்டாண்டுகள் அமெரிக்காவிற்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும். பேராசிரியர், ஆய்வறிஞர் பிரிவிலும் உச்சவரம்பு ஐந்தாண்டுதான். திரும்ப வருவதற்கு முன் 24 மாத இடைவெளி கட்டாயம்.

எச்-1பி விசா 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் வழி உருவானது. முதலில் மூன்றாண்டு, பிறகு நீட்டிப்பாக மூன்றாண்டு, ஆக ஆறு. ஆறாண்டு முடிந்தவர் ஓராண்டு வெளியே இருந்தால்தான் மீண்டும் கணக்குத் தொடங்கும். 2000ஆம் ஆண்டில் வந்த திருத்தம் இரண்டு வகையில் இதைத் தளர்த்தியது. உயர்கல்வி நிறுவனங்கள் ஆண்டு ஒதுக்கீட்டு எண்ணிக்கையிலிருந்து விலக்குப் பெற்றன. நிரந்தர வசிப்புரிமைக்கான நடைமுறையை உரிய காலத்தில் தொடங்கியவர்கள் ஆறாண்டுக்கு மேலும் நீட்டிப்புப் பெற வழி பிறந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'உரிய காலத்தில்' என்பது. நடைமுறையைத் தொடங்க வேண்டியவர் வழக்கமாக ஆசிரியரல்லர், அவரை அமர்த்திய நிறுவனம். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென்று தனிச் சலுகை ஒன்று உண்டு. பொதுவான விதிப்படி, குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் ஒருவர் கிடைத்தாலே அயல்நாட்டவரின் விண்ணப்பம் வீழ்ந்துவிடும். பல்கலைக்கழகமோ, போட்டித் தேர்வில் இவரே கூடுதல் தகுதியுடையவராகத் தேர்ந்தார் என்று காட்டினால் போதும். ஆனால் அவர் தேர்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் விண்ணப்பம் அளிக்கப்பட வேண்டும். துறைத் தலைவர் மாறினார், நிர்வாகம் காலந்தாழ்த்தியது, நிதியாண்டு முடியட்டும் என்றார்கள் என்பன போன்ற காரணங்களால் அந்த 18 மாதங்கள் நழுவினால் தேர்வு நடைமுறையையே மீண்டும் நடத்த வேண்டியிருக்கும். பணியில் சேரும் முதல் மாதத்திலேயே இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள் என்பதே இப்பதிவில் நான் தரக்கூடிய மிகப் பயனுள்ள ஒற்றை ஆலோசனை. பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

இந்தியராகப் பிறந்தவருக்கு இன்னொரு சுவர் உண்டு. வேலைவாய்ப்பு வழியான நிரந்தர வசிப்புரிமையில் எந்த ஒரு நாட்டவருக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது விதி. இதனால் முதுநிலைப் பட்டதாரிகளுக்கான பிரிவில் நம்மவரின் காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டிவிட்டது. அனுமதி நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போகும். ஆனால் ஆள் நிலைபெற மாட்டார். வேலை போனால் மாற்று வழி தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் சார்ந்தோர் என்ற தகுதியை இழக்கும். கதவு திறந்துதான் இருக்கிறது, வாசற்படியிலேயே முதுமை வந்துவிடுகிறது.

இந்த அமைப்பின் உள்முரணை மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் நடந்ததைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன். அம்மாவட்டப் பொதுப் பள்ளிகள் ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டு ஆசிரியர்களை எச்-1பி வழியே அமர்த்தின. பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். சட்டப்படி நிறுவனமே ஏற்க வேண்டிய விசாக் கட்டணங்களை அந்த ஆசிரியர்கள் தலையில் சுமத்தியதை அமெரிக்கத் தொழிலாளர் துறை 2011இல் கண்டறிந்தது. ஏறத்தாழ 42 லட்சம் டாலரை ஆசிரியர்களுக்குத் திருப்பித் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நியாயம் வென்றது என்று இதுவரை தோன்றும். ஆனால் தண்டனையின் மற்றொரு பகுதியாக, அந்நிர்வாகம் இரண்டாண்டுகளுக்கு எச்-1பி விண்ணப்பங்கள் அளிக்கத் தடை விதிக்கப்பட்டது. புதிய விண்ணப்பங்களோடு, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் நீட்டிப்பும் நின்றது. பணத்தை இழந்தவர்களே வேலையையும் இழந்தார்கள். குற்றம் செய்தது நிறுவனம்; அதற்காகப் பெட்டியைக் கட்டியது ஆசிரியர்.

ஏன் அப்படி நேர்ந்தது? அனுமதி ஆசிரியரின் பெயரில் இருக்கிறது, புதுப்பிக்கும் உரிமை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இந்தப் பிளவே எல்லாத் தீங்குக்கும் ஊற்று. புகார் கூறினால் நிறுவனம் தண்டிக்கப்படும், நிறுவனம் தண்டிக்கப்பட்டால் தன் அனுமதி அறுந்துவிடும் என்று அறிந்த ஆசிரியர் எப்படி வாய் திறப்பார்?

வரம்பை ஆதரிப்போரின் வாதங்களையும் எளிதாகத் தள்ளிவிடலாகாது. முதலாவது, உள்நாட்டு ஆசிரியரின் வேலைவாய்ப்பைக் காப்பது. அக்கறை நியாயமானது. ஆனால் ஆறாம் ஆண்டின் முடிவில் ஒருவரை அனுப்பிவிட்டு அதே பணியிடத்திற்கு இன்னொரு அயல்நாட்டவரை முதலாம் ஆண்டு ஊதியத்தில் அமர்த்துவதை எந்த உச்சவரம்பும் தடுப்பதில்லை. அங்கே காக்கப்படுவது உள்நாட்டவரின் வேலையன்று. பணிமூப்புக்கு உரிய ஊதியத்தைக் கொடுக்காதிருக்கும் வசதி.

இரண்டாவது வாதம், அறிவு பெயர்ந்துபோவதைத் தடுப்பது. ஜே-1 விசாவில் சிலருக்கு விதிக்கப்படும் 'இரண்டாண்டு தாயக வாசம்' இந்த நோக்கத்தில் எழுந்தது: கற்றதைச் சொந்த நாட்டிற்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது அதன் உட்கருத்து. கருத்து உயர்ந்ததுதான். ஆனால் திரும்பி வருபவரின் அயல்நாட்டுப் பணிக்காலத்தை நம் நிறுவனங்கள் எப்படி மதிக்கின்றன? முந்தைய பணியைக் கணக்கில் எடுப்பதா என்ற கேள்வியிலேயே கோப்புகள் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. வரவேற்க ஆளில்லாத வீட்டிற்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது தாயகத்துக்குச் செய்யும் தொண்டாகாது.

மாற்றம் இயலாத ஒன்றன்று. பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவுக்கு ஆறாண்டு உச்சவரம்பும், வெளியேறியவர் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தன. 2016 முதல் நிரந்தர வசிப்புக்கு ஆண்டு ஊதியம் 35,000 பவுண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அந்தத் தொகையை எட்டாத பள்ளி ஆசிரியருக்கு இது நேரடியான வெளியேற்றம்தான். 2020 டிசம்பரில் புதிய முறை வந்தபோது ஆறாண்டு வரம்பும் காத்திருப்பு விதியும் கைவிடப்பட்டன. ஊதிய நிபந்தனையும் தளர்த்தப்பட்டது. இதனால் அந்நாட்டுப் பள்ளிகளை அயல்நாட்டவர் விழுங்கிவிடவில்லை.

ஜப்பானின் பாடம் இதனினும் நுட்பமானது. தேசியப் பல்கலைக்கழகங்களில் அயல்நாட்டவர் முறையான பேராசிரியராக அமரலாம் என்பதற்கு 1982இல்தான் தனிச்சட்டம் வந்தது. அதிலும் அவர்களுக்குப் பணிக்காலம் வரையறுக்க இடமளிக்கப்பட்டது. 1997இல் வந்த மற்றொரு சட்டம், உள்நாட்டு ஆசிரியர்களுக்கும் காலவரையறை விதிக்கலாம் என்றது. அயலவரிடம் முதலில் பழகிய முறை பதினைந்தாண்டுகளில் சொந்தக் குடிமக்களிடமும் வந்து சேர்ந்தது. பிறகு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத் திருத்தம், ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டவர் காலவரையற்ற ஒப்பந்தம் கோரலாம் என்ற உரிமையை அளித்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அது பத்தாண்டு என்றாக்கப்பட்டது. விளைவு? பத்தாண்டு நிறையவிருந்த 2023 மார்ச் நெருங்கியபோது, உரிமை பிறக்கும் நாளுக்குச் சற்று முன்பாகவே ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளும் போக்கு பெரும் விவாதமாயிற்று. கதவு அமைத்தால் போதாது, கதவை எட்டுமுன் தள்ளிவிடாத காப்பும் வேண்டும் என்று தொடக்கத்தில் நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

இவையெல்லாம் ஆசிரியரின் வாழ்க்கைச் சிக்கல்கள். கல்விக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. நெறியாளரின் அனுமதியோ அதற்குள் முடியக்கூடும். மூன்றாண்டே எஞ்சியிருப்பவரிடம் நீண்டகாலக் களப்பணி கோரும் தலைப்பை எந்த மாணவர் எடுத்துச் செல்வார்? அத்தகையவர் புதிய பாடத்திட்டம் வகுப்பதில்லை, ஆய்வகம் அமைப்பதில்லை, துறைக் கூட்டத்தில் மாற்றுக் கருத்துச் சொல்வதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவர் ஆண்டு முழுவதும் அடங்கியிருக்கக் கற்றுக்கொள்கிறார். கருத்துச் சுதந்திரத்தை எந்தச் சுற்றறிக்கையும் பறிக்கவில்லை. புதுப்பிப்புப் படிவமே அவ்வேலையைச் செய்து முடித்துவிடுகிறது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். இந்தியாவிற்குப் பணி விசாவில் வரும் அயல்நாட்டு ஆசிரியர், உள்நாட்டில் நீட்டிப்புகள் பெற்று ஓர் உச்சவரம்பு வரையே தங்கலாம். அதன்பின் புதிய விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உயர்கல்வியைப் பன்னாட்டுமயமாக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பேசுகிறது. நீண்டகாலம் இங்கே வேரூன்றிக் கற்பிக்க வரும் ஒருவருக்கு என்ன வழி என்ற கேள்விக்கு நாமும் நிறைவான விடை சொல்லவில்லை. அமெரிக்காவின் வரிசையைப் பற்றிக் குமுறும் நாம், நம் வளாகங்களில் பணியாற்றும் அயல்நாட்டு ஆசிரியரின் உச்சவரம்பைப் பற்றி ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

நம் குடிமக்களையே நாம் எப்படி நடத்துகிறோம் என்பது அதைவிடக் கசப்பானது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக ஆசிரியர்கள் 120 நாள் நியமனத்தில், ஒருநாள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் அமர்த்தப்பட்டுப் பல்லாண்டுகள் கழித்தவர்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் நிலையாமையே நிலை. பெயரில் உள்ள கௌரவம் பணியில் இல்லை. இவர்களுக்கு விசா தேவையில்லை. ஆயினும் மூன்றாவது தேதி இவர்கள் தலைமேலும் தொங்குகிறது. எனவே இதை வெளிநாடு செல்லும் சிலரின் சிக்கல் என்று ஒதுக்குவது பிழை. புதுப்பித்தலைக் கட்டுப்பாட்டுக் கருவியாகக் கையாளும் மனப்பான்மைக்குக் கடவுச்சீட்டு ஒரு பொருட்டே அல்ல.

என் கோரிக்கைகள் எளியவை. முதலாவது, பணிநியமனக் கடிதத்திலேயே அனுமதியின் உச்சவரம்பும், அதற்குமுன் நிறுவனம் எடுக்கவிருக்கும் நடவடிக்கைகளும் தேதியுடன் குறிக்கப்பட வேண்டும். இரண்டாவது, புதுப்பிக்க மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். நிலைபெறும் உரிமையைத் தவிர்ப்பது அக்காரணமாக இருக்கலாகாது. மூன்றாவது, நிறுவனத்தின் குற்றத்திற்காக அனுமதி அறும் நிலை வந்தால், ஆசிரியர் வேறு நிறுவனம் தேடிக்கொள்ளக் குறைந்தது ஒரு கல்வியாண்டு அவகாசம் வேண்டும். நான்காவது, நாடு திரும்பும் ஆசிரியரின் அயல்நாட்டுப் பணிக்காலத்தை நம் பல்கலைக்கழகங்கள் தெளிவான விதியின்கீழ் ஏற்க வேண்டும்.

முதல் மூன்றும் நம் கையில் இல்லை. ஆனால் நான்காவது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. நம் வளாகங்களில் உள்ள அயல்நாட்டு ஆசிரியர்களுக்காகவும் தற்காலிக ஆசிரியர்களுக்காகவும் முதலிரண்டைக் கேட்பதும் நம் கையில் இருக்கிறது. ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவை இடம்பெற வேண்டும். வெளிநாட்டு வாய்ப்பை எதிர்நோக்கியிருக்கும் நண்பர்கள், ஊதியத்தைக் கேட்கும் அதே மின்னஞ்சலில் மூன்றாவது தேதியையும் கேளுங்கள். தயங்காமல் விடை சொல்லும் நிறுவனத்தை நம்பிச் செல்லலாம்.