படகோட்டியின் மகன் எங்கே?

ராயபுரம் ரயில் நிலையத்தைக் கடந்து தினந்தோறும் பள்ளி செல்லும் பாலர்கள், தென்னாட்டின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அங்கிருந்தே வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டதென்பதை அறிவார்களா? அறிந்தாலும் பரீட்சைக்குரிய ஒரு தேதியாகவே அறிவார்கள். தேதி குழந்தையின் நெஞ்சில் தங்குவதில்லை, கதை தங்குகிறது.

இவ்வுண்மையை ஆங்கிலேயர் நம்மினும் முன்னரே கண்டுகொண்டனர். யுத்த நிருபராகப் பல தேசங்களைச் சுற்றிய ஜி. ஏ. ஹெண்டி, 1902-ல் இறக்கும்வரை சிறுவருக்குச் சரித்திரக் கதைகளை எழுதிக் குவித்தார். 1884-ல் வெளிவந்த கிளைவ் பற்றிய அவரது கதையில், ஓர் ஆங்கிலச் சிறுவன் கம்பெனிக் குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்து, ஆற்காட்டுப் போரில் வீரனாகிறான். ஊர் நம்முடையது, கதாநாயகன் நம்மவனல்லன். ஒரு தரப்புச் சாட்சியத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதியை வக்கீல்களாகிய நாம் பொறுப்பதில்லை. நம் குழந்தைகள் விஷயத்திலோ நெடுநாள் பொறுத்திருந்தோம்.

மறு தரப்பைக் கூற முன்வந்தவர்களுள் ஸ்ரீமதி சுபத்ரா சென் குப்தா முக்கியமானவர். 1952-ல் டில்லியில் பிறந்த அவர் விளம்பரத் தொழிலில் வாசகம் எழுதிப் பிழைத்தவர். சிறுவருக்கென அவர் எழுதிய புத்தகங்கள் பல. 2014-ல் சாகித்ய அகாதெமியின் பாலர் இலக்கியப் பரிசு அவருக்குக் கிட்டியது. அக்பரின் பதேபூர் சிக்ரியைக் கதைக்களமாகக் கொண்டபோது, அவர் தேடிப் பிடித்த நாயகன் யார்? பாட ஆசைப்படும் ஒரு வண்ணார் வீட்டுப் பையன்! அக்காலத்தவர் என்ன உண்டனர், என்ன உடுத்தனர், எவ்விளையாட்டு ஆடினர் என்று வினவுவதே அவருடைய சரித்திர முறை. 2021 மே 3-ந் தேதி கொரோனா நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் எழுதியது ஆங்கிலத்தில் என்று குறை கூறுவோர், நம் தமிழ்ப் பதிப்பாளர் இத்துறையில் செய்திருப்பது யாதென்றும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழிலோ சரித்திரக் கதை என்றவுடன் பல்லவ சோழ மன்னர்கள் குதிரையேறி வந்துவிடுகின்றனர். அவர்கள் வரட்டும், வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. ஆனால் துறைமுகம் இல்லாத அந்நாட்களில் கப்பல்கள் அலைக்கு அப்பாலேயே நின்றன. இரும்பாணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே சரக்கையும் துரைகளையும் கரை சேர்த்தன. 1744-ல் குமாஸ்தாவாக வந்திறங்கிய கிளைவின் உயிரும் சிறிது நேரம் நம் படகோட்டிகளின் துடுப்பில்தான் இருந்தது. அப்படகில் தந்தையருகே ஒரு சிறுவன் அமர்ந்திருந்தால் அவன் கண்டது என்ன? கூலி எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கிடைத்தது? இதை எந்தத் தமிழ்ப் புத்தகத்தில் ராயபுரத்துக் குழந்தை படிக்கும்?

பதிப்பாளர் ஒருவர் துணிந்து, எழுத்தாளர் ஒருவருக்கு ஓராண்டுக்குரிய ஊதியத்தை முன்பணமாகக் கொடுத்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் காசிமேட்டுக் கரைக்கும் அவரை அனுப்புவாரா? புத்தகம் வரட்டும், முதல் நூறு பிரதிகளை ராயபுரத்துப் பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுக்க யாம் சித்தமாயிருக்கிறோம்.