தையலுக்கும் ஒரு சனிக்கிழமை

மொன்றியலில் எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை பரதமோ மிருதங்கமோ. அரங்கேற்றம் என்றால் கடன்பட்டாவது மண்டபம் எடுக்கிறோம். ஆனால் இந்த ஊரில் எத்தனையோ தமிழ் வீடுகளில் உலை ஏற்றிய தையலை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்திறங்கிய எங்களுக்கு, பிரெஞ்சு தெரியாவிட்டாலும் கிடைத்த வேலைகளில் ஒன்று உடுப்புத் தைப்பது. நகரின் வடக்கே ஷபனெல் தெருவில் அடுக்கடுக்காகத் தையல் பட்டறைகள் இருந்தன. அதில் ஒன்றில் நான் காலர் தைத்தேன். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. மெஷின் நின்றால் காசும் நின்றுவிடும். முழுச் சட்டை ஒன்றை அங்கே நான் தைத்ததே இல்லை. 2005 தொடக்கத்தில் உலக இறக்குமதிக் கோட்டா முடிவுக்கு வந்தது. ஏற்கனவே தேய்ந்துகொண்டிருந்த தொழில் அதன்பின் வேகமாக ஆசியாவுக்குப் போய்விட்டது.

இந்த ஊர்த் தையல்காரிகளுக்கு எங்களுக்கு முந்திய சரித்திரமும் உண்டு. 1937 ஏப்ரலில் சுமார் 5,000 பெண்கள் கூலிக்காகவும் வேலைநேரத்துக்காகவும் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். தொழிற்சங்கக்காரிகளான லேயா ரோபாக், ரோஸ் பெசொட்டா முன்னின்ற அந்த வேலைநிறுத்தம் வென்றது.

இப்போது நான் இந்நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், பக்கத்து வீட்டு ஈரானியப் பெண்ணோடு சேர்ந்து வெட்டுத்துண்டுகளில் ஒட்டுப்போர்வைக்கான இதயச் சதுரம் தைக்கிறேன். பிள்ளையின் பழைய பள்ளிச் சட்டை, கிழிந்த நூல்சேலை எல்லாம் உதவும். பட்டு வழுக்கும், தொடக்கத்தில் வேண்டாம். துண்டுகளை ஒட்டித் தைத்து, அயன் பண்ணி, 3½ அங்குல அகலம், 6½ அங்குல நீளத்தில் இரண்டு பாதி வெட்டவேண்டும். ஒவ்வொரு பாதியின் மேல் மூலைகள் இரண்டிலும் 1½ அங்குல வெள்ளைச் சதுரம் வைத்து மூலைவிட்டமாகத் தைத்தால் தோள் வளையும். கீழே வெளிப்பக்க மூலையில் அதேபோல் 3½ அங்குல வெள்ளைச் சதுரம். அதிகப்படி துணியை நறுக்கி, மடித்து அழுத்தி, இரண்டு பாதியையும் கால் அங்குலத் தையலில் சேர்த்தால் இதயம். அந்தக் கால் அங்குலம் கொஞ்சம் பிசகினாலும் அடிக்கூர் தையலுக்குள் போய் மழுங்கிவிடும். பின்னக் கணக்கை இதைவிட நன்றாக எந்தக் கொப்பியும் படிப்பிக்காது.

இதயச் சதுரம் வெறும் பொழுதுபோக்கும் அல்ல. 2016 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் ஒர்லாண்டோவில், பல்ஸ் என்ற இரவு விடுதியில் 49 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்நகரக் குயில்ட் (ஒட்டுப்போர்வை) சங்கம் இதயச் சதுரங்கள் அனுப்பச் சொல்லிக் கேட்டது. பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை ஆயிரத்துக்கு மேற்பட்ட போர்வைகளாகி, தப்பியவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும் போயின. முகம் தெரியாத ஒருவரின் செத்தவீட்டுக்குப் போகமுடியாதவர்கள் செய்யக்கூடிய வேலை இது. செத்தவீடுகளைத் தொலைபேசியில் கேட்டே காலம் கழித்த எங்களுக்கு இது விளங்காதா?

"மெஷினில் குனிந்து எங்கள் முதுகு முறிந்தது போதாதா, பிள்ளையும் முறிக்கவேணுமோ?" என்று என் வயதுக்காரர் கேட்பார்கள். கேள்வி நியாயம். ஆனால் முதுகை முறித்தது துண்டுக்கூலி. அந்தக் கோபத்தைத் தையல்மேல் ஏன் காட்டுவான்? தாய் எப்படிச் சம்பாதித்தாள் என்று தெரியாத பிள்ளை அவள் உழைப்பை எப்படி மதிக்கும்?

ஆகவே தமிழ்ப் பள்ளிகளுக்கு என் யோசனை: மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம், இரண்டு பழைய மெஷின், வீடுகளிலிருந்து வெட்டுத்துண்டுப் பை. பெடியன்களும் வரட்டும். படிப்பிக்க ஷபனெலில் தைத்த அம்மாமாரைக் கூப்பிடுங்கள். சும்மா கூப்பிடாமல் சம்பளம் கொடுங்கள். அதையும் மணிக்கணக்கில் கொடுங்கள், துண்டுக்கணக்கில் வேண்டாம்.