பழுது காதிலா? பெட்டியிலா?

"எனக்குக் காது போய்விட்டதடா. இனி இந்தத் தட்டுகள் எதற்கு? யாருக்காவது கொடுத்துவிடு."

போன ஆண்டு என் தந்தை இப்படிச் சொன்னார். நாற்பது ஆண்டுகளாக அவர் சேர்த்த இசைத்தட்டுகள் அவை. நானும் உட்கார்ந்து கேட்டேன். கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது பாட்டு. அப்பாவுக்கும் மகனுக்குமா ஒன்றாகக் காது போகும்?

குற்றம் பெட்டியில் இருந்தது. காரணம், ரெசிஸ்டர் என்னும் சிறு பொருள்.

தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடுகிறது, அதிர்கிறது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. அது மிகச் சொற்பமான மின்சாரம். அதைப் பெருக்குவது போனோ பெட்டி. அந்தப் பெட்டியின் வாசலில் காவல்காரன் போல உட்கார்ந்திருப்பதுதான் ரெசிஸ்டர். அதன் அளவை ஓம் கணக்கில் சொல்வார்கள்.

கார்ட்ரிட்ஜில் முக்கியமாக இரண்டு வகை. காந்தம் அசைவது ஒன்று. கம்பிச்சுருள் அசைவது மற்றொன்று. காந்த வகைக்கு 47,000 ஓம் வேண்டும். சுருள் வகைக்குப் பெரும்பாலும் 100 முதல் 1,000 ஓம் போதும்.

எங்கள் வீட்டில் இருப்பது காந்த வகை. பழுது பார்க்க வந்தவர் பெட்டியின் பின்பக்கச் சுவிட்சைச் சுருள் வகைக்கு, அதாவது 100 ஓமுக்கு, தள்ளிவிட்டுப் போயிருந்தார்! காந்த வகைக்குள் இருக்கும் சுருள் பெரியது. வாசலில் 100 ஓம் இருந்தால், வேகமான அதிர்வுகள் அந்தச் சுருளிலேயே அடங்கிவிடும். ஜால்ரா போச்சு, வயலினின் இனிமை போச்சு. ஆனால் சத்தம் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அதே சுவிட்சு பெருக்கத்தையும் கூட்டிவிட்டதே! அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பெட்டி செய்பவர்கள் சுவிட்சுக்குப் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

சுருள் வகை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானின் டெனான் டி.எல்.103 என்ற கார்ட்ரிட்ஜ், அந்நாட்டு என்.எச்.கே. வானொலிக்காக 1960-களில் உருவானது. அதன் சுருள் 40 ஓம். வாசலில் 100 ஓம் வைத்தால், அது தரும் மின்சாரத்தில் 100-க்கு 71 பங்கு பெட்டிக்குள் போகும். 400 ஓம் வைத்தால் 91 பங்கு. சத்தம் கூடினால் நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். ஆகவே சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிட வேண்டும்.

இதற்கென்று விலை உயர்ந்த செருகிகளை விற்கிறார்கள். சில ரூபாய் ரெசிஸ்டரே போதும் என்பது என் கட்சி. 47,000 ஓம் வாசலுக்கு இணையாக 100 ஓமை வைத்தால், கிட்டத்தட்ட 100 ஓம்தான் வரும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் அந்தச் செலவும் இல்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, சுவிட்சை மாற்றினேன். தட்டு சுழன்றது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடே, கீறல்கூடக் கேட்கிறதடா!"