லாரி கவிழ்ந்தால் குற்றவாளி யார்?

வாசுதேவநல்லூர் பஜாரில் ராத்திரி பதினோரு மணிக்கு நின்று பாருங்கள். ராஜபாளையம் பக்கமிருந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்காசியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சுமார் 50 கிலோ மீட்டரில் புளியரை. அங்கே மலைப்பாதை தொடங்குகிறது. டிரைவர்கள் ‘எஸ் வளைவு’ என்று சொல்லும் இடத்தைக் கடந்து, ஆரியங்காவு வழியே கொல்லத்துக்குப் போகவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாதையில் அடைமழை. மார்கழி விடியலில் பனிமூட்டம். அப்போதும் லாரி ஓடுகிறது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை, டீக்கடையில் ஒரு டிரைவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“ராத்திரி முழுக்க மழை, அண்ணாச்சி. பத்தடிக்கு அப்பால ரோடு தெரியல.”

“ஓரமா நிறுத்தியிருக்கலாமே?”

“நின்னா யாரு காசு கொடுப்பா? சரக்கு பிந்தினா வாடகையில பிடிப்பாங்க. அதை முதலாளி என் படியில பிடிப்பாரு. ஓடினாத்தான் காசு.”

மில் தோழர்களே, பீஸ் ரேட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இது சக்கரத்தின்மேல் வைத்த பீஸ் ரேட். வயலில் வேலை செய்யும் தோழர்களே, மழை பெய்தால் உங்களுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. டிரைவருக்கு மழையிலும் வேலை உண்டு, உயிருக்குத்தான் உத்தரவாதமில்லை.

மலையிறக்கத்தில் பாரவண்டியைச் சின்ன கியரில் பிடித்து, மெல்ல இறக்கவேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்டபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். ஈர ரோடும் மொட்டை டயரும் சேர்ந்தால் அதற்கும் மேலே. இதெல்லாம் டிரைவருக்குத் தெரியாததல்ல. ஆனால் டயரை மாற்றுவது அவன் கையில் இல்லை. பாரத்தைக் குறைப்பது அவன் கையில் இல்லை. புறப்படும் நேரமும் அவன் கையில் இல்லை.

2024 பிப்ரவரி 25ந் தேதி நள்ளிரவுக்குப் பின், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிவந்த லாரி ஒன்று எஸ் வளைவில் உருண்டு, கீழே ரயில் பாதையில் விழுந்தது. டிரைவர் இறந்தார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி டார்ச் லைட்டுடன் தண்டவாளத்தோரம் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு 5 லட்ச ரூபாய் பரிசளித்தது. பொருத்தமான பரிசு. அந்த விபத்துக்கு என்ன காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எந்த லாரி கவிழ்ந்தாலும் ‘கட்டுப்பாட்டை இழந்தது’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்களே, அதுதான் கேள்வி. கட்டுப்பாடு முதலில் யார் கையில் இருந்தது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரம் வகுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வு என்றது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களாவது உள்ள இடங்களுக்கென்றே எழுதப்பட்டது. ஒன்றிரண்டு லாரி வைத்து, தவணை கட்டித் திணறுகிறவரின் டிரைவர் அந்த வேலிக்கு வெளியே நின்றான். இப்போது அந்தச் சட்டமே 2020ம் ஆண்டுத் தொகுப்பில் கரைந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு அமுலில் இருக்கிறது.

பாரத்தின் கதை வேறு. 2018ல் மத்திய அரசு மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. ரோட்டின் வளைவு மட்டும் பழைய வளைவுதான். அதிக பாரத்துக்கு 2019ம் ஆண்டுத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரும் குற்றவாளி என்றே சட்டம் சொல்கிறது. ஆனால் செக்போஸ்டில் கைகட்டி நிற்பவன் டிரைவர்தானே!

விபத்தில் ஆள் இறந்து, தகவல் சொல்லாமல் ஓடினால் டிரைவருக்கு 10 ஆண்டுவரை சிறை என்று பாரதீய நியாய சன்ஹிதாவில் எழுதினார்கள். அடிபட்டவரை விட்டு ஓடுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் கூட்டத்தின் அடிக்குப் பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பாகங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஜூலை 1ந் தேதி சட்டம் அமுலானபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஒற்றுமைக்குக் கிடைத்த பலன் அது.

பனி கொட்டும் அமெரிக்க மலைச் சாலைகளில், சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் லாரியை விடாத இடங்கள் உண்டு. நிலைமை மோசமானால் சாலையையே மூடுகிறார்கள். நமக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. நாம் கேட்பது இதுதான்: ஒரே லாரி வைத்திருப்பவரின் டிரைவருக்கும் வேலை நேர வரம்பு வேண்டும். டிரிப் கணக்கு ஒழிந்து மாதச் சம்பளம் வேண்டும். காத்துநிற்கும் நேரமும் வேலை நேரமே. மலையடிவாரத்தில் கூரையும் தண்ணீரும் கக்கூசும் உள்ள நிறுத்துமிடம் வேண்டும். மழை கண்ணை மறைத்தால், படி பிடிக்கப்படாமல் வண்டியை நிறுத்தும் உரிமை வேண்டும்.

புளியங்குடி எலுமிச்சையைப் பறிக்கிற கை நம்முடையது. மில்லில் நூல் மூட்டையைத் தூக்குகிற கை நம்முடையது. அதை மலை தாண்டிக் கொண்டுபோகிற கையும் நம்முடையதே. அந்தக் கை ஸ்டியரிங்கில் அயராதிருக்க வேண்டுமானால், அதற்கு உறக்கம் வேண்டும். இதைக் கேட்க டிரைவர்களை மட்டும் தனியே விட்டுவிடக் கூடாது, தோழர்களே!