தூர் வார முடிகிற பிளாக்

ப்ராசஸரைத் தண்ணீரால் குளிர்விக்க எந்த வாட்டர் பிளாக் வாங்கலாம் என்று கேட்டு, பேரன் நாலைந்து ஒப்பீட்டுக் கட்டுரைகளை அனுப்பியிருந்தான். பாதி பிரெஞ்சில் இருந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த தாத்தா வேறு எதற்கு இருக்கிறேன்? எல்லாவற்றையும் படித்துவிட்டேன். என் கட்சியை இங்கே எழுதுகிறேன்.

குழாயில் சுற்றும் தண்ணீரை ஆங்கிலத்தில் கூலண்ட், அதாவது குளிர்விப்பது என்கிறார்கள். பிரெஞ்சில் 'ஃப்ளுயித் கலோபோர்த்தர்', வெப்பம் சுமக்கும் திரவம். பிரெஞ்சுக்காரன் சொல்வதுதான் சரி. தண்ணீர் வெறும் சுமைகூலி. ப்ராசஸரில் ஏற்றிய சூட்டை ரேடியேட்டரில் இறக்குகிறது. அதை அறைக் காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். அறையின் வெப்பத்துக்குக் கீழே அது ஒருநாளும் போகாது. பிரான்சின் வடக்கே ரூபே நகரத்து ஓவிஎச் நிறுவனம் 2003 முதல் தன் சர்வர்களைத் தண்ணீரில் குளிர்விக்கிறது. பிளாக்கையும் தானே செய்துகொள்கிறது. சர்வர் அறைக்கு ஏசி கிடையாது. அந்த ஊர்க் குளிருக்கு அது நடக்கும். சித்திரையில் மகாராஜபுரத்து மச்சு அறையில் 35 டிகிரி நிற்கும்போது, 20 டிகிரி அறையில் எடுத்த அளவை நம்பி எப்படி வாங்குவது?

பிளாக் செய்யும் வேலை லேசானதல்ல. இன்டெலின் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் பத்தைத் தபால்தலை அளவு இடத்தில் அடுக்கியது போல. ஆனாலும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், வெளியே வரும் தண்ணீர் மூன்றரை டிகிரிதான் கூடியிருக்கும். (கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.) ஆக, சுமப்பது பெரிய காரியமில்லை, உலோகத்திலிருந்து தண்ணீருக்குச் சூட்டை மாற்றி ஏற்றுவதுதான் கஷ்டம். அதற்காகத்தான் செம்புத் தகட்டில் தலைமயிர் கனத்துக்கு வாய்க்கால் வெட்டுகிறார்கள். 1981இல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேனும் பீஸும் சிலிக்கனிலேயே 50 மைக்ரான் வாய்க்கால் வெட்டி, சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வரை வெளியேற்றிக் காட்டினார்கள். நடுவில் தண்ணீரை இறக்கி இருபுறமும் பிரித்துவிடுகிற இன்றைய பிளாக்கைப் பார்த்தால் எனக்கு நம்மூர் மடையும் பாத்தியும்தான் ஞாபகம் வருகிறது.

வாய்க்கால் என்றால் வண்டல் உண்டு. பிலவக்கல் தண்ணீர் பாயும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாசி, குழாயிலிருந்து கரையும் பசை, உப்பு எல்லாம் அந்த மெல்லிய சந்தில்தான் போய் அடையும். கட்டுரைகளோ புது பிளாக்கை மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டி, இது அதைவிட ஒன்றரை டிகிரி குறைவு என்று முடித்துவிடுகின்றன. ஆபீசில் கொட்டேஷன்களுக்கு எத்தனையோ ஒப்புநோக்குப் பட்டியல் போட்டவன் நான். விலைக்கும் தரத்துக்கும் பத்தி இருக்கும். மூன்றாம் வருஷம் யார் கழற்றித் துடைப்பது என்பதற்கு இருக்காது. அந்தப் பத்தியைத்தான் நான் முதலில் போடுவேன்.

என் பட்டியலில் ஸ்க்ரூவைக் கழற்றித் திறக்க முடிகிற, ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்கிற பிளாக்குக்குத்தான் முதலிடம். அடுத்து உலோகம். செம்பு பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே தண்ணீரில் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நிக்கல் முலாம் அழகுக்கு நல்லது, சூடு குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மூடி முத்திரையிட்டு வரும் ரெடிமேட் செட்டுகளில் பலவற்றைத் திறக்கவே முடியாது. வாரண்டி முடிந்தபின் அடைத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

போர் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர் போதும் (ஆசிட் கேனைத் தூக்கி வந்துவிடாதீர்கள்). அதோடு பாசிக்கும் அரிப்புக்குமான மருந்து. வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பெரிய காற்றாடிக் கூலரை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் மச்சு அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடட்டும்.